மலை இல்லாத ஊரில் மலைச்சைக்கிள் வசூல்

கீழவைப்பார்ல நின்னு கெழக்கே பாத்தா கடல். மேற்கே பாத்தா உப்பளம், உடங்காடு, அதுக்கு அங்கிட்டு பனை. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் மலைங்கிற வஸ்து கண்ணுல தட்டுப்படாது. அப்பேர்ப்பட்ட ஊருக்கு வந்து, மலையேறுற சைக்கிளுக்குத் தடம் போடணும், ஊரே சேந்து போடணும், அதுக்கு நிதி எப்படித் திரட்டலாம் தாத்தான்னு கேக்கிய பாத்தியளா, அந்தத் தைரியத்துக்கே நான் ஒரு ரசீது கிழிச்சிருக்கணும்.

மலையே இல்லைன்னும் ஒரேயடியாச் சொல்லிர முடியாது. நம்ம வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையிலதான் பிறக்கு. சாத்தூரைத் தாண்டி, விளாத்திகுளத்தைத் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல வந்து இங்கன கடல்ல விழுது. வார வழியெல்லாம் மலையைச் சுரண்டிச் சுரண்டி மணலாக்கி நம்ம வாசல்ல கொண்டாந்து போட்டுச்சு. ஆக மலை நமக்கும் வந்து சேந்துச்சு, தூளா. அந்தத் தூளையும் லாரியில ஏத்தி வித்துட்டாவ. நீங்க கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஆத்துக்குள்ள ஒரு மேடாவது காட்டியிருப்பேன்.

கடற்கரை மணல்மேடு இருக்கேங்கிய. அதுல மம்பட்டி வைக்க முடியாது. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிப்புல மணல்மேடு, ஆமை முட்டையிடுற இடம், அலையாத்திக் காடு, பவளப்பாறை எல்லாம் முதல் வரிசையில உக்காந்திருக்கு, தொடாதன்னு. முன்னால கடல்ல 21 தீவோட தேசியப் பூங்கா 1986ல இருந்து காவல்ல கிடக்கு. சரி, கோவில்பட்டிப் பக்கம் குருமலைக்குப் போவோம்னா அது காப்புக்காடு, மான் திரியுற இடம். வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போய் மண்ணைக் கொத்தினா சைக்கிள் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்.

அதனால மேட்டைத் தேடி அலையாதிய. ஆத்தங்கரையை ஒட்டி, ஊராட்சிப் புறம்போக்குல, உடைமுள் மண்டிக் கிடக்கிற இடத்தைப் பாருங்க. ஏத்த இறக்கத்தை மண்ணைக் கூட்டி நாமளே பண்ணிக்கிடலாம். பம்ப் டிராக்னு ஒலகம் பூரா அப்படித்தான போடுதாவ. மலை வாய்க்காத ஊருக்கு அது வாய்ச்சுது.

இடம் கிடக்கட்டும், துட்டுக்கு வருவோம். உங்க மதிப்பீட்டுக் காகிதத்தைப் புரட்டிப் பாத்தேன். வெட்டுற செலவு பக்கம் பக்கமா இருக்கு. நுழைவாயில் அலங்காரத்துக்குத் தனித் தொகை இருக்கு. பராமரிப்புன்னு ஒத்தை வரி, அதுக்கு எதிர்ல ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பாத்ததும்தான் நீங்க இந்த ஊருக்குப் புதுசுன்னு எனக்கு உறுதியாச்சு. தடம் வெட்டக் காசு குடுக்க ஆள் வருவான், கல்வெட்டுல பேர் வரும்லா. ரெண்டாவது ஐப்பசியில கரைஞ்சு ஓடுன மண்ணை அள்ளிப் போடக் காசு குடுக்கிறவனுக்குக் கல்வெட்டு கிடையாது. அதனால யார் பையைத் திறந்தாலும் நான் ஒண்ணுதான் கேப்பேன். ரெண்டாவது ஐப்பசிக்கு இருப்பியளா?

உங்கள்ல ஒருத்தன் அமெரிக்காவுல பென்டன்வில்லைப் பாருங்க தாத்தான்னான். பாத்தேன். அர்கன்சாஸ் மாநிலத்துல உள்ள ஊர். 2007 வாக்குல முதல் தடம் போட்டாவ, இன்னைக்கு மலைச்சைக்கிளுக்கு அதுதான் தலைநகரம்னு மார்தட்டுதாவ. ஏன் தட்ட மாட்டாவ? வால்மார்ட் கடையை ஆரம்பிச்ச சாம் வால்டன் கடை வெச்சிருந்த ஊர் அது. அவர் பேரன்மார் ரெண்டு பேருக்கு சைக்கிள் கிறுக்கு. குடும்ப அறக்கட்டளை மடை திறந்து விட்டுது. நீங்களும் அப்படி ஒரு தாத்தாவைத் தேடிப் பிடிச்சா என் ஆலோசனையே வேண்டாம். இந்தத் தாத்தாகிட்ட இருக்கிறது பொத்தல் வலையும் வாயும்தான்.

தூத்துக்குடியில கம்பெனிக்கு என்ன பஞ்சம்னு கேப்பிய. பஞ்சம் இல்ல. 2013 கம்பெனிச் சட்டத்துல 135வது பிரிவு இருக்கு. பெரிய கம்பெனி மூணு வருஷச் சராசரி லாபத்துல நூத்துக்கு ரெண்டு ரூவாயைச் சமூகக் காரியத்துக்குச் செலவழிக்கணும். எந்தெந்தக் காரியம்னு ஏழாவது அட்டவணையில பட்டியல் போட்டிருக்கு. சைக்கிள் தடம்னு தேடுனா கிடைக்காது. கிராம விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு இதுக்கெல்லாம் பயிற்சின்னு தேடுனா கிடைக்கும். மலைச்சைக்கிள் 1996 அட்லாண்டாவுல இருந்து ஒலிம்பிக்ல உண்டே! ஆகையினால மனுவுல தடம் தடம்னு எழுதாதிய. கடலோரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சின்னு எழுதுங்க, எழுதினபடிக்கே நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லியும் குடுங்க. இதுல பொய் கிடையாது. சங்கை விக்கப் போறவன் ஓட்டை விழுந்த பக்கத்தை உள்ளங்கைக்குள்ள வெச்சுக் காட்டுறதில்லையா, அந்த அளவுதான்.

ஆனா கம்பெனிக்காரனுக்கு ஐப்பசி தெரியாது, மார்ச் 31தான் தெரியும். அவன் காசுல மம்பட்டி, கடப்பாரை, தலைக்கவசம், முதலுதவிப் பெட்டின்னு ஒரு தரம் வாங்குறதை வாங்கிப் போட்டுக்கிடுங்க. வருஷா வருஷம் வார செலவை அவன் தலையில வைக்காதிய. புது அதிகாரி வந்தா பழைய தடம் அவருக்குப் பிடிக்காது.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்டுப் பாக்கிறதுல குத்தமில்ல. அந்தக் காசு வந்தா கூடவே கான்கிரீட்டும் வரும், அதையும் மனசுல வெச்சுக்கிடுங்க. மண்பாதைக்கு ரிப்பன் வெட்டின தலைவரை நான் கண்டதில்ல. நீங்க மண்தடம் கேப்பிய, அவிய பேவர் பிளாக்கைப் பரத்தி ரெண்டு பக்கமும் சிமெண்டுப் பெஞ்சு போட்டுக் குடுத்திருவாவ. சாயங்காலம் நானும் என் கூட்டாளிகளும் வந்து உக்காரத் தோதாத்தான் இருக்கும்.

வெளிநாட்டுக் காசுன்னு மெதுவா முணுமுணுத்த தம்பி யாரு? உனக்கு ஒரு சங்கதி சொல்லுதேன். நம்ம கடலுக்கு அந்தாண்டை இலங்கை மலையகத்துல பீக்கோ டிரெயில்னு ஒரு தடம். கண்டிப் பக்கத்துல தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்லன்னு சுத்தி நுவரெலியாவுல முடியும். 22 கட்டம், 300 கிலோமீட்டருக்கு மேல. நடக்கிறவனுக்குன்னு ஏற்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவோட யூஎஸ்எய்டும் காசு குடுத்தாவ. பெரும்பாலும் புதுசா வெட்டினது இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல தேயிலை சுமந்த பாதை. சுமந்தது யாரு? நம்ம சீமையில இருந்து போன சனம். எத்தனையோ பேர் தூத்துக்குடியிலதான் கப்பல் ஏறினான். அவன் நடந்து நடந்து போட்ட பாதைக்கு இன்னைக்குப் பலகை நட்டு, படம் போட்டு, பேர் வெச்சிருக்காவ. நல்ல காரியம்தான், லயத்து வாசல்ல டீ விக்கிற பொம்பளைக்கு நாலு காசு வந்தா சந்தோசம். குடுத்த கையில ஒரு கை என்னாச்சு? 2025 ஜூலையில அமெரிக்காக்காரன் யூஎஸ்எய்டையே இழுத்து மூடிட்டான். கடல் தாண்டி வார காசுக்கு ஐப்பசி, கார்த்திகை எதுவும் தெரியாது. அதுவும் போக, வெளிநாட்டுல இருந்து நன்கொடை வாங்கணும்னா எஃப்சிஆர்ஏ அனுமதி வேணும். நீங்க இன்னும் சங்கத்தையே பதியல. பேருக்கே அடிச்சுக்கிட்டு இருக்கியளாம்.

பங்கு பிரிச்சு வசூல் பண்ணலாம்னா, அதுக்கு இந்த மாவட்டத்துக்காரர்தான் வாத்தியார். 1906ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினப்ப மூலதனம் 10 லட்ச ரூவா. 25 ரூவா வீதம் 40,000 பங்கு. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்து நின்னுது. ஊர்க்காசுல கப்பலே வாங்க முடியும்னா உங்க ஒத்தையடித் தடம் எம்மாத்திரம்? இதை எந்த மேடையிலயும் சொல்லலாம், கை தட்டுவாவ. கைதட்டு ஓஞ்ச பொறவு நடந்தது என்ன? வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சான். பொறவு சும்மாவே ஏத்துனான், ஏறுனவனுக்குக் குடையும் குடுத்தான். குடையை வாங்கிக்கிட்டு அந்தக் கப்பல்ல ஏறினவன்ல நம்ம ஆளும் உண்டுல்லா. 1908ல வ.உ.சி.யை ஜெயில்ல போட்டு செக்கிழுக்க வெச்சான், கம்பெனி நொடிச்சுப் போச்சு. கப்பல் வாங்கையில ஒரு தரம் காசு போடுறதுக்கு நெஞ்சு நிமிரும். ஓட்ட முடியாம தத்தளிக்கையில மறுதரம் போடுறதுக்குத்தான் கை வராது. அவருக்கு எதிரா ஒரு சர்க்காரே நின்னுது. உங்களுக்கு எதிரா நிக்கிறது வெறும் மழை. வெறும் மழைன்னு சொல்லவும் வாய் கூசுது. 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 94.6 சென்டிமீட்டர் கொட்டிச்சு. இந்த மாவட்டம் வருஷம் பூராவும் காணுற மழையை விடக் கூட.

தடம் போடத் தெரிஞ்சவன் சைக்கிளைப் பத்திப் பேசுறதுக்கு முந்தி தண்ணியைப் பத்திப் பேசுவான். கலிபோர்னியாவுல 1988ல ஆரம்பிச்ச பன்னாட்டு மலைச்சைக்கிள் சங்கம் ஒண்ணு இருக்கு, ஐஎம்பிஏம்பாவ. அவிய பாடம் இதான். தடத்தோட சரிவு, மேட்டோட சரிவுல பாதியைத் தாண்டக் கூடாது. சராசரி ஏத்தம் நூத்துக்குப் பத்துக்குள்ள நிக்கணும். வெளிவிளிம்பு லேசாத் தாழ்ந்து இருந்தா தண்ணி குறுக்க வழிஞ்சு போயிரும். நீளமா இறங்குற தடத்துல ஊடே ஊடே சின்னதா ஏறவும் விடணும், இல்லாட்டி தண்ணி அதையே ஓடையாக்கிக் கடலுக்குக் கொண்டு போயிரும். இவ்வளவும் பண்ணிட்டு, மழை விட்ட மறுநாள் மம்பட்டியோட போய் அடைச்ச இடத்தைக் கிளறி விடணும். அந்த மறுநாள் கூலிதான் உங்க காகிதத்துல கோடாக் கிடக்கு.

சர்க்கார் காசுல எனக்குப் பிடிச்சது நமக்கு நாமே திட்டம். 1997ல வந்துது. ஊடால தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறிச்சு, 2021ல பழைய பேரோட திரும்பி வந்துது. பொதுவா மூணுல ஒரு பங்கு மக்கள் போடணும், ரெண்டு பங்கு சர்க்கார் போடும். இந்தக் கணக்கை முதல்ல கேட்டப்ப எனக்குச் சிரிப்பு அடங்கல. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்புல இதே கணக்குதான், தலைகீழா. முத்துப்பார்ல மூழ்கி சிப்பி எடுத்தவன் கரைக்கு வந்து அதை மூணு குவியலாப் பிரிக்கணும். சர்க்கார் ஆள் வந்து தனக்குப் பிடிச்ச ரெண்டு குவியலை எடுத்துக்கிடுவான். மூச்சடக்கினவனுக்கு மிச்சம் ஒண்ணு. 1961க்குப் பொறவு தூத்துக்குடியில முத்துக்குளிப்பே நடக்கல. எங்க பாட்டன்மார்கிட்ட ரெண்டு பங்கு எடுத்த சர்க்கார், இன்னைக்கு ரெண்டு பங்கு தாரேன்னு வருது. வேண்டாம்னு சொன்னா செத்துப்போன பாட்டன் கனவுல வந்து அடிப்பான். எழுதிப் போடுங்க.

அந்த மூணு குவியல்ல ஒரு சூட்சுமமும் உண்டு. பிரிக்கிற கை வேற, எடுக்கிற கை வேற. எந்தக் குவியல் போகும்னு தெரியாததால மூணையும் ஒண்ணுபோலத்தான் பிரிப்பான். உங்க சங்கத்துலயும் ரசீது எழுதுறவன், பணத்தை வெச்சிருக்கிறவன், செலவழிக்கிறவன் மூணு பேரும் மூணு வீட்டுக்காரனா இருக்கட்டும். மூணும் ஒரே மச்சானா இருந்தா தடம் வளைஞ்சு வளைஞ்சு மச்சான் வீட்டுப் பின்பக்கமாத்தான் போகும்.

திட்ட அறிக்கை எழுத டவுன்ல ஒரு ஆலோசகரைப் பிடிச்சிருக்கிய, மொத்தத் தொகையில பத்துல ஒண்ணு கேக்காருன்னிய. புது வித்தை இல்ல. முத்துக்குளிப்புக்கு கடல்கட்டின்னு ஒருத்தர் வருவார். கரையில உக்காந்து மந்திரம் சொல்லியே சுறாவோட வாயைக் கட்டுவார். தண்ணியில கால் நனைக்க மாட்டார். 13ம் நூற்றாண்டுக் கடைசியில இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ கணக்கு எழுதி வெச்சிருக்கார். ராசாவுக்குப் பத்துல ஒண்ணு, சுறா கட்டுறவனுக்கு இருபதுல ஒண்ணு. உங்க ஆள் ராசா பங்கைல்லா கேக்கார்! இருபதுல ஒண்ணுக்கு இறங்கி வரச் சொல்லுங்க. அதுலயும் பாதியை முதல் மழை கழிஞ்சு தடம் நின்னாத் தாரோம்னு சொல்லிப் பாருங்க. மந்திரத்துல அவருக்கே எவ்வளவு நம்பிக்கைன்னு தெரிஞ்சு போகும்.

ஊர்ப்பங்குக்கு எங்க போறது? டவுன்ல உண்டியல் தூக்குறதுக்கு முன்ன காலுக்குக் கீழ பாருங்க. நான் சொன்ன அந்த உடைதான், சீமைக்கருவேலம். 2017ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டுங்கன்னு உத்தரவு போட்டும் அசராத மரம். விளாத்திகுளம், ராமநாதபுரம் வட்டாரத்துல இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பம் அடுப்பு எரியுது. புறம்போக்குல நிக்கிறதை ஊராட்சி ஏலம் விடும். தடம் போற வழியில நிக்கிற மரத்தை வேரோட எடுக்கணும்னு ஏல நிபந்தனையில ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. வெட்டுற கூலி உங்களுக்கு மிச்சம், ஏலக்காசு ஊராட்சிக்கு வரவு. அந்த வரவுல ஒரு பகுதியைத் தடத்துக்கு ஒதுக்கணும்னு அதே கூட்டத்துல கேளுங்க, மறு கூட்டத்துக்குத் தள்ளாதிய. வேரை விட்டா அடுத்த மழைக்குத் துளுத்துரும். அந்த முள்ளுக்கு உங்க வெளிநாட்டு டயரும் ஒண்ணுதான், என் ஓட்டைச் செருப்பும் ஒண்ணுதான். பஞ்சர் ஒட்டுறவரை முதல் புரவலராச் சேத்துக்கிடுங்க. இந்தத் தடத்தால நிச்சயமா லாபம் பாக்கப்போறது அவர் ஒருத்தர்தான்.

ரெண்டாவது ஐப்பசிக் காசை ஓட்டுறவன்கிட்டதான் வாங்கணும். அதுக்கு ஏன் கூச்சப்படுதிய? வனத்துறை 2024 அக்டோபர்ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 தடத்தைத் திறந்து, ஆன்லைன்ல காசு வாங்கிக்கிட்டு, கூட உள்ளூர் ஆளை வழிகாட்டியா அனுப்புது. நடக்கிறதுக்கே காசு. வயநாட்டுல மானந்தவாடிப் பக்கம் பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டம் இருக்கு, ஆதிவாசிக் குடும்பங்களுக்குன்னு ஏற்படுத்தினது. எம்டிபி கேரளான்னு பன்னாட்டுச் சைக்கிள் பந்தயத்தை அங்க நடத்துதாவ. அவியளுக்குத் தேயிலையும் காசு, தேயிலைக்கு ஊடே போற தடமும் காசு. நீங்களும் வருஷத்துக்கு ஒரு பந்தயம் வைங்க. நுழைவுக் கட்டணத்துல மகமை மாதிரி ஒரு பங்கை முதல்லயே எடுத்து, மம்பட்டிக் கூலிக்குன்னு தனிக் கணக்குல போட்டுட்டு, மிச்சத்துல பனியன் அடிங்க. நீங்க பனியனைத்தான் முதல்ல அடிப்பிய, எனக்குத் தெரியும். வந்தவன் திங்கிற மீன்குழம்பை நம்ம பொம்பளையாள் குழு காச்சட்டும், வெளிய இருந்து பிரியாணி அண்டாவை இறக்காதிய. விசைப்படகு கரையேறி நிக்கிற ஏப்ரல் 15ல இருந்து 61 நாளைக்கு மட்டும் ரசீதுப் புத்தகத்தோட கடற்கரைப் பக்கம் தலைகாட்டாதிய. அப்ப கேட்டா காசு வராது, வேற ஏதாவது வரும்.

இன்னொண்ணு. பணம் இருந்தா தடம் நிக்கும்னு நெனைக்காதிய. அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல கிங்டம் டிரெயில்ஸ்னு பேர்போன தடம், 1994ல தொடங்கினது. ஏறக்குறைய நூறு பேரோட சொந்த நிலத்துக்குள்ள, அவிய போங்கன்னு சொன்ன வாய்வார்த்தையில ஓடுது. கூட்டம் பெருத்துது, துட்டும் பெருத்துது. 2019 டிசம்பர்ல மூணு நிலக்காரர் எங்க நிலத்துல இனி சைக்கிள் வேண்டாம்னுட்டாவ. தடத்தோட நல்ல பகுதி அதோட போச்சு. இங்கன அப்படி மனசு வைக்க வேண்டியவ ஆடு மேய்க்கிற கிழவி. அவ ஆட்டை விரட்டி, மணியடிச்சு, வழி விடு பாட்டின்னு அதட்டினியன்னு வைங்க, மறுநாள் தடத்துக்குக் குறுக்க முள்ளு கிடக்கும். போட்டது யாருன்னு நானும் சொல்ல மாட்டேன்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தரம் கூடும். அடுத்ததுக்கு முன்வரிசையில வந்து உக்காருங்க, சைக்கிள் உடுப்போட வராதிய, வேட்டி கட்டிட்டு வாங்க. குடிதண்ணி, தெருவிளக்கு, வாறுகாலுன்னு எல்லாரும் கத்தி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதிய. தெருவிளக்குக்குக் கை தூக்குங்க, வாறுகாலுக்கும் தூக்குங்க. பொறவு எந்திரிச்சு, உடையை வெட்டி ஏலம் விடணும், வெட்டின இடத்துல பிள்ளைகள் விளையாட வழி பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க. மலைங்கிற பேச்சையே எடுக்காதிய, சிரிச்சுக் காரியத்தைக் கெடுத்திருவாவ. தீர்மானப் புத்தகத்துல எழுதி, ஆளுக்கு ஆள் கையெழுத்துப் போட்டு, நீங்க கண்ணால பாக்கிற வரைக்கும் எடத்தை விட்டு அசையாதிய. எப்படியும் இருட்டிரும். எனக்கும் என் பக்கத்துல உக்காந்திருக்கிற நாலு பேருக்கும் வாங்கித் தார டீ, வடைச் செலவை அந்தப் பராமரிப்புக் கோட்டுக்கு எதிர்ல எழுதிக்கிடுங்க.